துண்டு, தகர டிக்கெட், கிராம முன்சீப்: அந்தக் காலத்து 'பேக்ரவுண்ட் செக்'

வெளிநாட்டு வேலைக்கு ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகுதான் நம்ம பசங்களுக்கு உண்மையான தலைவலியே ஆரம்பிக்குது. பழைய கம்பெனியில ரிலீவிங் லெட்டர் கொடு, போலீஸ் கிளியரன்ஸ் வாங்கு, நடுவுல ஆறு மாசம் எங்க இருந்தேன்னு சொல்லு, உன்னைத் தெரிஞ்ச ரெண்டு பேர் நம்பர் கொடு... "இதென்னப்பா புதுசா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். புதுசெல்லாம் இல்லீங்க. நம்ம தமிழ்நாட்டுல இருந்து கடல் தாண்டி வேலைக்குப் போனவங்களை நூறு வருஷத்துக்கு முன்னாடியே இப்படித்தான் குடைந்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

இலங்கை மலையகத்துல முதலில் காப்பி. 1869ல் இலைநோய் வந்து அது அழிய ஆரம்பித்ததும் தேயிலை. காப்பி பறிக்க சீசனுக்குப் போனால் போதும், ஆனால் தேயிலைக்கு வருஷம் பூரா ஆள் வேணும். வெள்ளைக்கார துரை நம்ம கிராமத்துக்கு வந்து இன்டர்வியூ வைக்க முடியுமா? அதுக்குத்தான் கங்காணி. அவரும் அதே தோட்டத்து ஆள்தான். முன்பணம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்து, தன் சொந்தபந்தம், தெரிந்தவர்கள் என்று கூட்டிக்கொண்டு போவார். இன்ன ஊர், இன்னார் மகன், நன்றாக வேலை செய்வானா, பாதியில் ஓடிவிடுவானா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்றைக்கு 'ரெஃபரன்ஸ்' என்கிறோமே, அது அன்றைக்கு ஒரே மனிதரின் வாயில் இருந்தது. அவர் கூட்டிப்போன ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு உண்டு. ஆக, ரெஃபரன்ஸ் கொடுப்பவருக்கே கமிஷன் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறணும்னா என்ன செய்வது? அங்கேதான் 'துண்டு' வருகிறது. தமிழ்ச் சொல்தான், ஆங்கிலேய அரசு ஆவணங்களிலும் சட்டத்திலும் அப்படியே ஏறிவிட்டது. பழைய துரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்: இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன். அந்தச் சீட்டு இல்லாமல் புதுத் தோட்டத்தில் சேர்வது கஷ்டம்.

இது என்ன கடன் என்கிறீர்களா? கப்பல் செலவு, அரிசி, கம்பளி, ஊரில் கொடுத்துவிட்டு வந்த முன்பணம் எல்லாம் தொழிலாளி கணக்கில்தான் ஏறும். கங்காணியும் அதிக முன்பணம் தரும் தோட்டத்தைப் பார்த்துத் தன் ஆட்களோடு தாவுவார். ஒவ்வொரு தாவலிலும் துண்டில் உள்ள தொகை ஏறும். கையெழுத்துப் போடத் தெரியாத ஆளுக்குத் தன் பெயரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றே தெரியாது. பேருக்கு இது ரிலீவிங் லெட்டர். ஆனால் அதில் ஆளின் குணத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒரு வரி கிடையாது, அவன் விலைதான் எழுதியிருக்கும். ரொம்ப வருஷம் கத்திய பிறகு 1921ல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இதுக்கு நடுவுல தோட்ட முதலாளிகள் சேர்ந்து 1904ல் திருச்சியில் ஒரு தொழிலாளர் கமிஷன் அலுவலகமே திறந்தார்கள். அதற்குச் சற்று முன்பே வந்தது தகர டிக்கெட். சின்னத் தகரத் தகடு. அதில் தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் ஆளுக்கான எண்ணும் பொறித்திருக்கும். கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வழியில் யாரும் பெயர் கேட்க வேண்டாம், தகட்டைப் பார்த்தாலே எந்தத் தோட்டத்துச் சரக்கு, செலவை யாரிடம் வசூலிப்பது என்று தெரிந்துவிடும். இன்றைய ஐடி கார்டுக்கு முப்பாட்டன்.

1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வழியாகத்தான் பெரும் போக்குவரத்து. போகிறவர்களை மண்டபத்தில் முகாம் போட்டு நிறுத்தினார்கள். காலரா, பிளேக் இருக்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்த்து, அம்மை குத்தி அனுப்புவார்கள். இன்றைக்கும் அங்கே ரயில் நிலையத்தின் பெயர் 'மண்டபம் கேம்ப்'தான். ராமேஸ்வரம் போகிறவர்கள் எத்தனை பேர் அந்த 'கேம்ப்' என்ன என்று யோசித்திருப்போம்?

அதுவரை நடந்த சோதனையெல்லாம் முதலாளிக்காக. 1922ல் வந்த இந்தியக் குடியேற்றச் சட்டம்தான் கொஞ்சம் திசையை மாற்றியது. கங்காணிக்கு லைசென்ஸ் கட்டாயம். மலேயாவுக்கு ஆள் எடுக்க வந்த கங்காணி, கூட்டிப்போகும் ஆட்களைக் கிராம முன்சீப்பிடம் காட்டி, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டில் சொல்லாமல் ஓடிவந்த பையனா, கணவனுக்கோ பெற்றோருக்கோ தெரியாமல் கிளம்பிய பெண்ணா என்று பார்ப்பதற்கு. முன்சீப்பின் பேனாவுக்கும் விலை இருந்திருக்காது என்று சொல்ல நான் தயாரில்லை! ஆனாலும் ஏமாற்றி அழைத்துப் போவதற்கு ஒரு தடையாவது வந்தது.

அதைவிட முக்கியம், அங்கே போனவர்கள் நிலையைப் பார்க்க இந்திய அரசின் ஏஜெண்டை கண்டியிலும் கோலாலம்பூரிலும் வைத்தார்கள். 1927ல் இலங்கையில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதாவது வேலைக்கு வருபவனை மட்டுமல்ல, வேலை கொடுப்பவனையும் கொஞ்சம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். மலேயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதை 1938லும், இலங்கைக்கு 1939லும் இந்திய அரசு நிறுத்தியது.

இந்தக் கதையில் என்னை ரொம்ப உறுத்துவது இனிமேல் வருவதுதான். கழுத்தில் எண், சீட்டில் கடன், முகாமில் பதிவு, கங்காணி கணக்கில் பேர் என்று இத்தனை காகிதத்துக்குள் வாழ்ந்த மக்களிடம், 1948ல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் கேட்டது: உன் அப்பா இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே? லயத்தில் பிறந்த பலரிடம் அது இல்லை. 1949ல் இன்னொரு சட்டம். கல்யாணம் ஆனவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். 8 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக மனு போட்டார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. கடனை எழுதி வைக்க நோட்டு இருந்தது, அவர்கள் அங்கே வாழ்ந்ததை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு 1964ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேர் 'பிறகு பார்ப்போம்'. அந்த மிச்சத்தை 1974ல் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டுக்கொண்டார்கள். கடைசியாக 2003ல் இலங்கை போட்ட சட்டம்தான், 1964 முதல் அங்கேயே இருந்த நாடற்றவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் குடியுரிமை தந்தது. மண்டபம் முகாமோ 1983க்குப் பிறகு ஈழத்து அகதிகள் வந்து இறங்கும் இடமானது.

1922 சட்டத்துக்குப் பதிலாக இந்தியா 1983ல் புதுக் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த 'இசிஆர்' பாஸ்போர்ட் அதோடு சேர்ந்ததுதான். அதில் ஒரு நல்ல அம்சம், ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று நாமும் பார்க்கலாம். அவர்கள் நம்மைப் பத்து கேள்வி கேட்கும்போது நாமும் ரெண்டு கேள்வி கேட்கணும்: ஏஜெண்டுக்கு லைசென்ஸ் உண்டா? ஒப்பந்தத்தில் சம்பளமும், போன செலவு யார் கணக்கில் என்பதும் எழுதியிருக்கிறதா? செலவு நம் கணக்கில் ஏறுகிறது என்றால், அது துண்டுதாங்க, பேர்தான் வேற.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது தோட்டத்துக்குப் போய் வந்தவங்களா? பழைய பெட்டியில் எண் போட்ட தகடோ, மடிந்துபோன சீட்டோ இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுடாதீங்க. யார், எந்த ஊரிலிருந்து, எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைங்க.