லிங்க் இல்லை! - எல்லையோர வங்கிக் கிளைகளும் தூரத்துக் கண்களும்

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் புரியவைப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும் வேலைகளில் ஒன்று, நம் பையன்கள் நிறையப் பேர் பார்க்கும் 'ரிமோட் மானிட்டரிங்'. ராத்திரி முழுக்க ஒரு பெரிய திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். திரையில் ஊர் ஊராகப் பச்சைப் புள்ளிகள். ஒரு புள்ளி சிவப்பாக மாறினால், எங்கேயோ ஒரு கம்பெனியின் சர்வரோ ரவுட்டரோ படுத்துவிட்டது என்று அர்த்தம். இருந்த இடத்திலிருந்தே அதைத் தட்டி எழுப்ப வேண்டும். எழுந்திருக்கவில்லை என்றால் உள்ளூர் ஆளை அனுப்ப வேண்டும்.

நான் அந்தச் சிவப்புப் புள்ளியின் மறுமுனையில் இருந்த கோஷ்டி. அதாவது, கவுண்டரில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து "லிங்க் இல்லைங்க, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று சொல்லும் பாங்க்காரன். படித்தது பி.காம். கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் அது கிளைக்குள் எப்படி வந்தது, பிறகு எப்படிக் கிளையை விட்டே வெளியேறியது என்ற கதை ஓரளவு தெரியும். அதைப் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்தத்தான் வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவாய் ஒரு பக்கம், மலை ஒரு பக்கம்

வாளையாறு, கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் சரி, குமுளி, மூணாறு, தேவிகுளம் பக்கமும் சரி, தமிழ் பேசும் ஜனங்கள் நிறைய. பாஸ்புக் இந்தப் பக்கம், சொந்தபந்தம் அந்தப் பக்கம் என்று வாழ்பவர்கள். ஆனால் 'லிங்க்' என்று வரும்போது இரண்டு மாவட்டங்களும் நேர் எதிர்.

பாலக்காட்டுக்குக் கணவாய் இருக்கிறது. 1862லேயே சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் அந்த வழியாகப் போய்விட்டது. தண்டவாளம் போகும் இடத்தில் தந்திக் கம்பி போகும். 2000ல் ரயில்டெல் நிறுவனம் உருவானபின், தண்டவாள ஓரத்திலேயே கண்ணாடி இழையும் போனது. இடுக்கியில் இன்றுவரை ரயில் கிடையாது. மூணாறு மலையில் ஒரு காலத்தில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனதோடு சரி. 1972 ஜனவரி 26ல் பிறந்த மாவட்டம், தலைமையிடம் பைனாவு. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் ரோடும் போகும், கம்பியும் போகும்.

இந்த நிலப்பரப்பில் பழைய காலத்தில் பணம் எப்படிப் போனது? அவசரம் என்றால் தந்தி மாற்று. தந்தியில் தொகையோடு ஒரு ரகசிய எண்ணும் வரும். மேனேஜர் பீரோவிலிருந்து கோட் புத்தகத்தை எடுத்துக் கூட்டிக் கழித்துச் சரிபார்த்த பிறகே பணம் கிடைக்கும். இல்லாவிட்டால் டிராஃப்ட். காசோலை என்றால் இன்னும் தமாஷ். குமுளிக் கிளைக் காசோலையைக் கம்பத்தில் போட்டால், நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் அது 'வெளியூர்க் காசோலை'. தபாலில் கலெக்ஷனுக்குப் போய்ப் பணம் வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

கிளையின் புத்தி முழுக்க லெட்ஜரிலும் அதை எழுதும் கிளார்க்கின் தலைக்குள்ளும் இருந்தது. தலைமை அலுவலகம் தூரத்திலிருந்து பார்க்க ஒரே வழி, வாரா வாரம் தபாலில் போகும் ஸ்டேட்மெண்ட். அதுவும் இல்லாவிட்டால் சொல்லாமல் வந்து இறங்கும் இன்ஸ்பெக்டர்!

1983: ஒரு ஒப்பந்தமும் ஒரு 'பிங்'கும்

வங்கிக்குள் கம்ப்யூட்டர் வருவதை ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 'வேலை போய்விடும்' என்ற பயம். இன்று சிரிக்கலாம், அன்று அது வயிற்றுப்பாடு. 1983ல் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தன. அடுத்த வருடம் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு அறிக்கை கொடுத்தது. அதன் பலனாகக் கிளைகளுக்கு வந்தவை 'லெட்ஜர் போஸ்டிங் மெஷின்' எனப்பட்ட தனித்தனி இயந்திரங்கள். ஒன்றுக்கொன்று பேசாது. லெட்ஜர் வேலையை மட்டும் பார்க்கும்.

அதே 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் 'பிங்' என்ற குட்டி நிரலை எழுதினார். வேறு ஒன்றுமில்லை, தூரத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்பது. "இருக்கேன்" என்று பதில் வந்தால் உயிரோடு இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் ஒலியிலிருந்து வந்த பெயர். 1988ல் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை வந்து, "உடம்பு எப்படி இருக்கு? எவ்வளவு பாரம்? எந்த வாசல் மூடியிருக்கு?" என்றெல்லாம் விசாரிக்க வழி செய்தது. இன்றைய பச்சை, சிவப்புப் புள்ளிகளுக்குத் தாத்தாக்கள் இவர்கள்தான்.

நம் பக்கம் இதற்கெல்லாம் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1990களில் கிளை முழுவதையும் கம்ப்யூட்டர்மயமாக்கும் வேலை ஆரம்பித்தது. 1998ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக வந்த என். விட்டல் ஒரு போடு போட்டார்: 2001 ஜனவரி 1க்குள் வங்கிகள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியாக வேண்டும். ஊழல் ஒழிப்புக்காரர் ஏன் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினார்? பேனாவால் எழுதும் லெட்ஜரில் தில்லுமுல்லு செய்தால் வெளியே தெரிய வருடக்கணக்காகும் என்பதால்தான்.

அப்போது கிளைக்குள்ளேயே சர்வர் இருந்தது. அதைக் கவனிக்க ஓர் அதிகாரி. காலையில் 'டே பிகின்', சாயங்காலம் 'டே எண்ட்', ராத்திரி டேப்பில் பேக்கப். டேப்பைப் பத்திரமாக வேறு இடத்தில் வைக்க வேண்டும். சர்வர் படுத்தால் கரன்ட் பிரச்சினையா, கேபிளா, எலி கடித்ததா என்று பார்ப்பது அவர்தான். கம்ப்யூட்டர் வந்தாலும் அதன் கடிவாளம் ஊரிலேயே இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளையை விட்டுப் போன கம்ப்யூட்டர்

1999ல் ஹைதராபாத்தில் இருக்கும் ஐ.டி.ஆர்.பி.டி., வங்கிகளுக்கென்றே 'இன்ஃபினெட்' என்ற வலையை ஆரம்பித்தது. அடித்தளம் வி-சாட், அதாவது மொட்டைமாடிக் கிண்ண ஆண்டெனா. தேசியப் பங்குச் சந்தை 1994ல் ஊர் ஊராக வியாபாரத்தைக் கொண்டுபோனதும் இதே வி-சாட்டால்தான். கம்பி போக முடியாத மலைக்கு இது வரப்பிரசாதம். 36,000 கிலோமீட்டர் உயரத்து செயற்கைக்கோளுக்குப் போய் இறங்கி, பதிலும் அதே வழியில் வர வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஏறக்குறைய அரை நொடி தாமதம். கனமழை பெய்தால் சிக்னல் தேய்ந்துபோகும். இடுக்கியில் மழைக்குக் கேட்கவா வேண்டும்!

பிறகு வந்தது கோர் பாங்கிங். ஸ்டேட் பாங்க் 2003ல் ஆரம்பித்து 2008க்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கிளைகளை ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தது. கணக்கெல்லாம் நவி மும்பை பேலாப்பூர் டேட்டா சென்டருக்குப் போனது. திருச்சூர் சவுத் இந்தியன் பாங்க், ஆலுவா ஃபெடரல் பாங்க் எல்லாம் ஃபினாக்கிள் மென்பொருளில் இதையே செய்தன. கிளையின் கணக்குப் புத்தகம் ஊரை விட்டுப் போனது. மிஞ்சியது கவுண்டர் கம்ப்யூட்டர், ரவுட்டர், ஸ்விட்ச். இவற்றைப் பார்த்துக்கொள்ளவும் எங்கேயோ ஒரு கண்காணிப்பு மையம். வைரஸ் மருந்து அங்கிருந்து இறங்கும். ரவுட்டருக்குக் கட்டளை அங்கிருந்து வரும். 'டே எண்ட்' அங்கேயே நடக்கும். கிளையில் இருப்பவரின் தொழில்நுட்பப் பணி, போனில் "சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொன்னால் அதைச் செய்வதுதான் :-)

இதனால் கிடைத்த லாபத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2005 நவம்பரில் நெஃப்ட் வந்தது. 2011ல் சென்னையில் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு காணும் முறை வந்ததும், குமுளிக்கும் கம்பத்துக்கும் நடுவில் காகிதம் பயணிக்க வேண்டிய அவசியம் போனது. மகன் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அனுப்பும் பணம், மலைமேல் இருக்கும் கிளைக்கும் சென்னைக் கிளைக்கும் ஒரே வேகத்தில் வந்து சேர்ந்தது. 2015 ஜனவரியில், எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளையும் தேசிய கண்ணாடி இழை வலையில் இணைத்த நாட்டின் முதல் மாவட்டம் என்ற பெயரை இடுக்கி வாங்கியது. ரயிலே வராத மாவட்டம்!

ஆனால் பணம் முழுக்க வங்கிக்குள் வந்தபிறகு, லிங்க் போவதன் அர்த்தமே மாறிவிட்டது. முன்பு தோட்டத் தொழிலாளிக்குக் கூலி கையில் ரொக்கமாக வரும். 2016 நவம்பர் 8 பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு கூலியும் வங்கிக் கணக்குக்கு நகர ஆரம்பித்தது. மேல் எஸ்டேட்டிலிருந்து ஜீப்புக்குக் காசு கொடுத்து, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரும் அம்மாவிடம் 'லிங்க் இல்லை' என்றால் அது வெறும் தாமதம் இல்லை. ஆரம்பத்தில் சில வங்கிகள் பேலன்ஸ் நகலைக் கிளையில் வைத்திருந்து, லிங்க் இல்லாதபோதும் ஓரளவு தொகை வரை கொடுக்க ஏற்பாடு செய்திருந்தன. பாதுகாப்பு, தணிக்கை என்று வந்தபோது அந்த வழியும் குறுகிக்கொண்டே போனது. முகம் தெரிந்த மேனேஜர் எதிரில் இருந்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

புள்ளிக்குத் தெரியாதது

தூரத்துத் திரைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதற்கு வங்கிக்கு வெளியே ஓர் உதாரணம் சொல்கிறேன். சொல்ல மனசுக்குக் கஷ்டமான உதாரணம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலை பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. 70 பேர் போனார்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. கரன்ட் இல்லாததால் கைபேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. விடிந்த பிறகுதான் விஷயம் வெளியுலகுக்குத் தெரிந்தது.

கோபுரம் அணைந்தால் எங்கோ ஒரு திரையில் சிவப்புப் புள்ளி வரும், இந்தத் தொழிலின் அடிப்படையே அதுதான். ஆனால் அது சொல்வது 'இந்த இடத்தில் மின்சாரம் இல்லை' என்பதை மட்டும். அதன் கீழே எத்தனை குடும்பம் இருக்கிறது, அன்று எவ்வளவு மழை, அவர்களுக்கு வேறு வழி உண்டா என்பதெல்லாம் புள்ளிக்குத் தெரியாது. நூறு சிவப்புப் புள்ளிகளில் எதற்கு முதலில் ஓட வேண்டும் என்பதை ஊரைத் தெரிந்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

கொத்துச்சாவி யார் கையில்?

எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து சரிசெய்யலாம் என்றால், ஒரே இடத்திலிருந்து கெடுக்கவும் செய்யலாம். 2021 ஜூலை 2ல் கசேயா என்ற நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருள் வழியாகவே கடத்தல் வைரஸ் புகுந்து, சுமார் 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டன. ஸ்வீடனில் கூப் என்ற மளிகைச் சங்கிலி பில் போட முடியாமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூடியது.

நம் நாட்டிலும் நடந்தது. சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ், ஸ்டேட் பாங்கும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். 2024 ஜூலை 31ல் கடத்தல் வைரஸ் காரணமாக அதன் இணைப்பை தேசியக் கொடுப்பனவுக் கழகம் துண்டித்துவைக்க, சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவைகள் நின்றன. பெரும்பாலும் கூட்டுறவு, கிராம வங்கிகள். அடுத்த நாளே இணைப்பு மீண்டது. பரவாமல் தடுக்கத் துண்டித்தது சரியான முடிவுதான். ஆனால் அந்த வங்கிகளின் ஊழியர்களுக்குச் செய்ய ஏதும் இருக்கவில்லை.

1983ல் சங்கங்கள் பயந்தது வேலை போய்விடும் என்று. வேலையை விட அதிகமாகப் போனது உள்ளூரில் முடிவெடுக்கும் அதிகாரம். தூரத்துக் கண் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், அது இல்லாவிட்டால் மலைக் கிளைகள் இன்னும் தபாலுக்குக் காத்திருக்கும். அதோடு கூட, லிங்க் இல்லாத நாளில் குறைந்தபட்ச ரொக்கம் கொடுக்கும் அதிகாரமும், அதற்கான காகித ஏற்பாடும் கிளையில் இருக்க வேண்டும். செலவு பிடிக்கும்தான். ஆனால் அந்தச் செலவை இப்போது ஜீப் ஏறி வரும் அம்மா கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். இங்கிருந்தபடியே அப்பாவின் கம்ப்யூட்டரில் எனிடெஸ்க் போட்டுச் சரிசெய்து கொடுப்பவர்கள் நம்மில் பலர். நாமும் ஒரு குட்டிக் கண்காணிப்பு மையம்தான். அதே செயலியை ஏமாற்றுக்காரர்கள் போனில் போடச் சொல்லிப் பணத்தை எடுக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. "பாங்க்கிலிருந்து பேசுகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று எந்த வங்கியும் கேட்காது. இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது இதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் போட்டுக் கொடுத்த ஆப் சும்மா கிடந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் செலவுக்கு வீட்டில் ரொக்கம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மழைக்காலம் வந்தால் லிங்க் போகும்.