ஆய்நாட்டின் மண்ணரண்கள்: முஞ்சிறை வட்டாரத்தை முன்வைத்து

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று காணக்கிடைக்கும் கோட்டைகளுள் உதயகிரி, பத்மநாபபுரம், வட்டக்கோட்டை ஆகியன குறிப்பிடத்தக்கவை. மூன்றும் இப்போதுள்ள கற்கட்டுமான நிலையில் 18ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. இதனைக் கொண்டு, மார்த்தாண்டவர்மாவின் காலத்திற்கு முன் இப்பகுதியில் சொல்லத்தக்க அரண்கள் இருக்கவில்லை என்றொரு கருத்து உருவாக இடமுண்டு. கல் எஞ்சியிருப்பதையே கோட்டைக்குச் சான்றாகக் கொள்வதால் நேரும் பிழை இது. கல்வெட்டுகள் வேறுவிதமாகப் பேசுகின்றன.

மாறஞ்சடையனின் 23ஆம் ஆட்சியாண்டுக் கழுகுமலைக் கல்வெட்டு, மலைநாட்டுச் சடையன் கருநந்தன் மீது படையெடுத்து அரிவியூர்க் கோட்டை அழிக்கப்பட்டதைக் குறிக்கிறது. அவனது 27ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த நடுகல் கல்வெட்டொன்று, விழிஞத்தை அடுத்த கரைக்கோட்டையை அழிக்க வந்த சேரர் படையை எதிர்த்து மாண்ட இரணகீர்த்தி என்னும் வீரனை நினைவுகூர்கிறது. இரண்டும் 8ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சார்ந்தவை. ஆக, ஆய்நாடு பாண்டியருக்கும் சேரருக்கும் இடையில் நெருக்குண்டிருந்த காலத்தில் அங்குக் கோட்டைகள் இருந்தன, முற்றுகையிடப்பட்டன, அழிக்கவும்பட்டன. ஆனால் அவற்றின் மதில்கள் எங்கே?

'கரை' என்னும் சொல்லுக்கு இங்குக் கடற்கரை என்று பொருள்கொள்வது இயல்பே. எனினும் ஏரிக்கரை, ஆற்றங்கரை என்பவற்றில் அச்சொல் மண்ணைக் குவித்து உயர்த்திய அணையையும் சுட்டுகிறது. இப்பொருளை ஒதுக்கிவிடுவதற்கில்லை. பெயர் விளக்கம் ஒன்றை மட்டும் கொண்டு கோட்டையின் கட்டுமானப் பொருளை முடிவு செய்ய இயலாது என்பதும் உண்மையே. வலுவான சான்று பிற்காலத்தில் கிடைக்கிறது. பத்மநாபபுரத்தின் பழைய கோட்டை மண்ணால் ஆனது. 1601 அளவில் தொடங்கப்பெற்ற அரண்மனை அம்மண்மதிலின் காப்பில்தான் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மா அதனைக் கருங்கல் மதிலாக மாற்றினார். உதயகிரியின் முந்தைய மண்கோட்டையும் 1741 குளச்சல் போரை அடுத்து டிலனாயின் மேற்பார்வையில் கல்லால் எடுத்துக் கட்டப்பட்டது. வேணாட்டு அரசர்களே 18ஆம் நூற்றாண்டு வரை மண்ணரணை நம்பி வாழ்ந்திருக்க, அதற்கு ஒன்பது நூற்றாண்டுகள் முந்திய ஆய்நாட்டில் கல்மதிலைத் தேடுவது பொருந்தாது.

இப்பின்னணியில் புதுக்கடையை ஒட்டிய முஞ்சிறையும் பார்த்திவசேகரபுரமும் தனிக் கவனத்திற்குரியன. கோக்கருநந்தடக்கனின் செப்பேடு கலியுக நாள் 14,49,087 என்று காலத்தைத் துல்லியமாகத் தருகிறது. இது கி.பி. 866 ஜூலை 8 ஆகும். முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் அளித்து, உழக்குடிவிளை என்னும் நிலத்தை அரசன் பெற்றான். அங்குத் திருமால் கோயில் எடுத்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான். காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றி 95 சட்டர்களுக்கு ஒரு சாலையும் நிறுவினான். அவர்களுள் பவிழியச் சரணத்தார் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14 பேர். சட்டர்களின் பூசல், ஆயுதம் ஆகியவை பற்றிய கட்டுப்பாடுகளையும் ஏடு வகுக்கிறது.

கல்விச்சாலை ஒன்றுக்கு ஆயுதம் பற்றிய விதி ஏன்? காந்தளூர்ச் சாலை போர்ப்பயிற்சிக் கூடமாகவும் விளங்கியது என்ற இளங்குளம் குஞ்ஞன் பிள்ளையின் கருத்தும் அதன் மறுப்புகளும் அறிஞர் அறிந்தவையே. 'கலமறுத்தருளி' என்னும் சோழர் மெய்க்கீர்த்தித் தொடரைச் சுற்றிய விவாதமும் அவ்வாறே. இவ்விவாதங்கள் பெரும்பாலும் சொற்பொருளை நம்பியே நடந்துள்ளன. சாலையின் வளாகம் வெறும் வேலியால் சூழப்பட்டதா, கரையும் கிடங்கும் கொண்டதா என்பது நிலத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. விடை எதுவாயினும் சாலையின் இயல்பைப் பற்றிய முடிவை அது பாதிக்கும்.

நிலம் அவ்விடையை எளிதில் தருவதில்லை. 'விளை' என்பது இவ்வட்டாரத்தில் வயலுக்கு மேலாக அமைந்த தோட்டநிலம். உழக்குடிவிளை முதல் களியக்காவிளை வரை ஊர்ப்பெயர்களில் வாழும் சொல். விளைகளைச் சுற்றிச் செம்மண்ணால் கையாலை எழுப்புவது நெடுநாள் வழக்கம். இருபருவ மழையும் பெய்யும் நாட்டில், பேணுதல் நின்ற மண்மதில் சரிந்து தன் அகழியைத் தானே தூர்க்கும். எஞ்சிய மேடு கையாலையாகவோ நடைபாதையாகவோ மாறும். தூர்ந்த கிடங்கு ஈரம் நீங்காத தாழ்நிலமாகி வாழையோ நெல்லோ ஏற்கும். அரண் அழிவதில்லை, வேளாண்மைக்குள் கரைந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் இவ்வகை எச்சங்கள் தனி ஆய்வுப் பொருளாகியுள்ளன. பெரும்பாலும் 1250–1350 கால அளவில், நிலக்கிழார்களும் வளமிக்க உழவர்களும் தம் மனைகளைச் சுற்றி அகழி தோண்டினர். 5,000க்கும் மேற்பட்ட இத்தகைய இடங்கள் அங்கு அடையாளம் காணப்பட்டுள்ளன. வடிகால், மீன்வளர்ப்பு, குடிப்பெருமை ஆகியவற்றுக்காகவும் அவை அமைக்கப்பட்டன என்பது அந்நாட்டு ஆய்வாளர் கருத்து. நம் சூழலுக்கு அப்படியே பொருத்துவதற்கில்லை. ஆனால் சூழ்கிடங்கு என்றாலே போர் என்று கொள்ளும் பழக்கத்திற்கு அது நல்ல மாற்று. தமிழ்நாட்டிலேயே, கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேடும் உட்கோட்டையும் பெயர்களில் நினைவைக் காத்து நின்றன. 1980களில் மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வு அரண்மனையின் செங்கற் கட்டுமானத்தை வெளிப்படுத்தியது.

முஞ்சிறை வட்டாரத்தில் கள ஆய்வு மேற்கொள்வோர் சில மயக்கங்களைத் தவிர்க்க வேண்டும். 1860இல் தொடங்கிய ஏ.வி.எம். கால்வாய், பிற்காலத்துப் பட்டணங்கால் ஆகியவற்றின் வெட்டுமண் மேடுகள் பழங்கரைபோல் தோன்றக்கூடும். ரப்பர்த் தோட்டங்களின் படிவரிசைகளும் அவ்வாறே. எனவே மேட்டின் உயரத்தைவிட அதன் போக்கே முக்கியம்: பழைய நில அளவை வரைபடத்தில் பல புல எல்லைகள் ஒன்றுகூடி ஒரு வளைவையோ மூடிய நாற்கரத்தையோ அமைக்கின்றனவா, அதற்கு வெளியே தாழ்நிலம் ஒட்டிச் செல்கிறதா என்பதைக் காணவேண்டும். அத்தகைய இடத்தில் குறுக்காக ஒரு சிறு குழி வெட்டினாலே போதும். கிடங்கின் அடிவண்டலில் தங்கிய கரியும் பானையோடும் காலத்தைச் சொல்லும். மேற்புற மதில்மண் சொல்லாது, ஏனெனில் அது எந்தத் தலைமுறையிலும் மீண்டும் வாரியிடப்பட்டிருக்கலாம். தோட்டநிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டுத் தாழ்நிலம் நிரவப்படும்போது முதலில் மறைவதும் அந்த அடிவண்டலை அடையும் வழியே.