"கூட யாரு வந்திருக்கீங்க?" - ஒரு கேள்வியின் வரலாறு

1/
அரசு மருத்துவமனை ஓபியில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது நான் கேட்கிற கேள்வி இது.

போன வாரம் வெள்ளகோவில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா, மகள். மகனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை எடுத்துக் கொடுப்பது அம்மா. மாசம் ஒரு தடவை மருந்து வாங்க வருவது, பனியன் கம்பெனி ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டு, தங்கச்சி. ராத்திரி தூக்கம் வராமல் அவர் எழுந்து நடந்தால் கூடவே நடப்பது தறி ஓட்டுகிற மச்சான்.

"இப்படித்தானுங்க டாக்டர் ஏழு வருசமா ஓடுது" என்றார் தங்கச்சி.

2/
இந்த மாதிரி குடும்பத்தை மருத்துவம் ஒரு காலத்தில் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது தெரியுங்களா?

சென்னையில் மனநலக் காப்பகம் 1794லேயே வந்துவிட்டது. 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அந்தக் காலக் காப்பகம் என்றால் உயரமான சுவர், பூட்டிய கதவு. நோயாளி உள்ளே, வீட்டார் வெளியே. உள்ளே போன பலர் வீடு திரும்பவே இல்லை. வருசக்கணக்கில் பார்க்காத மனுசனைத் திரும்பக் கூட்டிப்போக வீட்டுக்கும் பயம்.

3/
இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் டாக்டர் வித்யா சாகர். 1950கள். நாடு பிரிந்த காயம் ஆறாத பஞ்சாப். படுக்கை பத்தவில்லை, ஆளும் பத்தவில்லை. அவர் என்ன செய்தார்? மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு, வீட்டாரையும் நோயாளியோடு தங்க வைத்தார்.

ஆள் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடுதான். ஆனால் பலன் வேறு மாதிரி வந்தது. தன் பிள்ளை தேறுவதை அம்மா கண்ணால் பார்த்தார். பக்கத்துக் கூடாரத்துக் குடும்பத்தோடு பேசினார்கள். "நமக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம்" என்ற நினைப்பு போனது. வீட்டுக்குப் போகும்போது எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரிந்தே போனார்கள்.

4/
நம்ம ஊர்ப் பக்கம் வேலூர் சிஎம்சி. 1957ல் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கினார். அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்குவது சிகிச்சையின் ஒரு பகுதி.

அதே 50களில்தான் குளோர்ப்ரோமசின் போன்ற மருந்துகளும் வந்தன. மருந்து வந்தால் போதுமா? அதைத் தினமும் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒரு கை வேண்டுமே!

5/
கீழ்ப்பாக்கத்தின் முதல் பெண் கண்காணிப்பாளர் டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு உள்ளவர்களின் மறுவாழ்வோடு, குடும்பத்துக்கு நோயைப் புரிய வைப்பதும் அங்கே வேலை.

6/
குடும்பம் தனியாகத் திண்டாடினால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட வீட்டார் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் மருந்தும் இல்லாமல், வழிகாட்டவும் ஆள் இல்லாமல் தவித்தவர்கள்தான் பலர்.

7/
இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அந்த அம்மாவிடம் மகனைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டேன். கிளம்பும்போது தங்கச்சிதான் சொன்னார்: "அம்மாவுக்குத்தானுங்க தூக்கமே இல்ல." பிரஷர் பார்த்தேன், 170/100. ஏழு வருசத்தில் ஒரு தடவைகூட அவர் தனக்காக ஓபி சீட்டு போட்டதில்லை.

8/
உங்கள் வீட்டில் நீண்ட நாள் நோயாளி இருந்தால்:

- ஒரே ஆள் மேல் மொத்தச் சுமையும் வேண்டாம். மாத்திரை ஒருத்தர், ஆஸ்பத்திரி ஒருத்தர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.
- பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது முழுத் தூக்கம் கொடுங்கள்.
- நோயாளிக்குச் சீட்டு போடும்போது அவருக்கும் ஒன்று போடுங்கள்.
- மனசு பாரமாக இருந்தால் 14416. டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டாரும் கூப்பிடலாம்.

நானும் இனி "கூட யாரு வந்திருக்கீங்க?" என்பதோடு "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றும் கேட்கப் போகிறேன்.