வாடகை வீட்டு அலுவலகச் செலவு (வருமான வரி)

குடியிருக்கும் வாடகை வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோர், அப்பகுதிக்குரிய வாடகையைத் தொழில் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டும் வரிநடைமுறை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 30 இக்கழிவை அளித்தது. வீடு முழுவதும் தொழிலுக்கு இல்லையெனில் தகுந்த விகிதமே ஏற்கப்படும் என்றது பிரிவு 38. அவ்விகிதத்தை முடிவு செய்யும் அதிகாரம் மதிப்பீட்டு அலுவலருக்கே. 1.4.2026 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடி பேரூராட்சியில் வாடகை வீட்டிலிருந்து கணக்கெழுதும் தணிக்கையாளருக்கு இக்கழிவு உண்டு. அதே தெருவில் வீட்டிலிருந்தே பணிபுரியும் மென்பொருள் ஊழியருக்கு இல்லை. சம்பளதாரருக்குப் பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப்படி விலக்கு மட்டுமே. ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணையும் நிறுவனத்திடம் தர வேண்டும்.

கழிவு கோருவோர் கணக்கேடு பராமரித்து ஐ.டி.ஆர்.-3 படிவம் தாக்கல் செய்வர். வாடகை ஒப்பந்தம், ரசீது, பரப்பளவுக் கணக்கு ஆகியவை சான்றுகள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு பொதுவாக ஏற்கப்படாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு 44ஏடிஏ-ஆக இருந்த முறைப்படி வரவில் பாதியை வருமானமாகக் காட்டுவோர் வாடகையைத் தனியே கழிக்க முடியாது. சிறு தொழில்முறையாளர் பலர் கவனிக்கத் தவறுவது இதையே. மாத வாடகை 50,000 ரூபாயை மீறினால் வாடகைதாரரே 2 விழுக்காடு வரி பிடித்துச் செலுத்த வேண்டும் (1.10.2024க்கு முன் 5 விழுக்காடு). ஆய்க்குடி போன்ற சிற்றூர்களின் வாடகை இவ்வரம்பை எட்டுவது அரிது.