எடையைப் பார்க்க ஒரு டாக்டர், அவருக்கு ஒரு தேர்வு



அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் என் பழைய மாணவி போன வாரம் போன் செய்தாள். "சார், உடல்பருமன் மருத்துவத்துல போர்டு தேர்வு பாஸ் பண்ணிட்டேன்" என்றாள். "குண்டா இருக்கிறதுக்குக்கூடவா ஒரு தேர்வு?" என்று சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1933இல் டைநைட்ரோஃபீனால் எடையைக் குறைக்கும் என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெடிமருந்து ஆலைகளில் புழங்கிய ரசாயனம் அது. எடை குறைந்தது உண்மைதான். ஆனால் பலருக்குக் கண்புரை வந்தது. சிலர் காய்ச்சல் கொதித்து இறந்தார்கள். 1938இல் புதுச் சட்டம் வந்த பிறகே அதைத் தடுக்க முடிந்தது.

அடுத்து வந்தவை 'வானவில் மாத்திரைகள்'. ஆம்பிடமின், தைராய்டு மருந்து, சிறுநீர் பெருக்கும் மருந்து, இதய மருந்து எல்லாம் கலர் கலராக. இளைக்க வைக்கும் கிளினிக்குகள் ஆளைச் சரியாகப் பரிசோதிக்காமலே கொடுத்தன. உயிர்கள் போயின. 1968இல் செனட் சபை விசாரித்தது. அப்போதும் பாடம் முடியவில்லை. 1997இல் 'ஃபென்-ஃபென்' ஜோடி மருந்து இதய வால்வுகளைக் கெடுப்பது தெரிந்து, அதில் ஒன்றான ஃபென்ஃப்ளூரமின் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

மருத்துவ உரிமம் இருந்தால் எந்த டாக்டரும் எடைக்கு மருந்து எழுதலாம். அதற்கென்று தனியாகப் படித்தவர் யார் என்று நோயாளிக்குத் தெரிய வழி வேண்டுமே! கண் மருத்துவர்கள் 1916லேயே தங்களுக்கென்று தேர்வு வாரியம் அமைத்துக்கொண்டார்கள். உடல்பருமனுக்கு அமெரிக்க வாரியம் உருவானது 2011இல்தான். முதல் தேர்வு 2012இல். முதலில் பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் போன்ற ஏதாவது ஒரு துறையில் சான்றிதழ் இருக்க வேண்டும். அதற்கு மேல் சிறப்புப் பயிற்சியோ, 60 மணி நேரப் படிப்போ முடித்துத்தான் தேர்வு எழுதலாம்.

வேடிக்கை என்னவென்றால், உடல்பருமன் ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் அறிவித்ததே 2013இல்தான். தேர்வு முந்திக்கொண்டது!

இதையெல்லாம் படித்துவிட்டு அவளுக்குத் திரும்பப் போன் செய்தேன். "சார், கனமா இருக்கேன்னு என்னை மைதானத்தைச் சுத்தி ஓட விட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.

"வாயைக் கட்டு" என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! சோம்பல் என்று நினைத்தேன். உங்களில் யாரையாவது அப்படிச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள், பிள்ளைகளே. இளைக்க வைப்பதாக விளம்பரம் செய்யும் பொடியையும் மாத்திரையையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். முறையாகப் படித்த டாக்டரிடம் போங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்