லிப்ரே ஆபீஸ் பிறந்த வரலாறு

கடிதம் தட்டவும், கணக்கு எழுதவும், கூட்டங்களில் படம் காட்டிப் பேசவும் உதவும் மென்பொருள்கள் இல்லாத அலுவலகம் இன்று இல்லை எனலாம். அவற்றுள் பலவற்றிற்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துகின்றோம். கட்டணம் நின்றால் கருவியும் நின்றுவிடும். அத்தகைய கட்டணமின்றி, எவரும் எடுத்தாளவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையோடு கிடைப்பது லிப்ரே ஆபீஸ். அதன் தொடக்கம் ஒரு சிறுவன் நடத்திய வாணிபம் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

ஜெர்மனியின் லூனெபுர்க் நகரில், 1985 ஆம் ஆண்டில், மார்கோ பெரீஸ் என்ற பதின்ம வயதினர் ஸ்டார் டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய எழுத்துச் செயலி நாளடைவில் ஸ்டார் ஆபீஸ் என்ற தொகுப்பாக வளர்ந்தது. 1999 இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. ஏன் வாங்கிற்று என்பதற்கு அங்குப் பணியாற்றிய ஒருவர் பின்னாளில் கூறிய காரணம் சுவையானது. அந்நிறுவனத்தின் ஊழியர் ஏறத்தாழ 42,000 பேர். அத்தனை பேருக்கும் மைக்ரோசாப்ட் உரிமம் வாங்குவதைவிட, அத்தகைய மென்பொருள் செய்யும் நிறுவனத்தையே வாங்கிவிடுவது மலிவாக இருந்ததாம்!

2000 ஆம் ஆண்டு அக்டோபரில் சன் நிறுவனம் அதன் மூல நிரலை உலகோர்க்குத் திறந்து வைத்தது. ஓபன் ஆபீஸ் என்ற பெயரில் 2002 இல் முதற் பதிப்பு வெளிவந்தது. மூல நிரல் கிடைப்பதன் அருமை எம்போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு நன்கு விளங்கும். மூலத்தைக் காணாமல் மொழிபெயர்ப்பைத் திருத்தப் புகுவோன் படும் பாடு நாம் அறிந்ததே அன்றோ!

இதனினும் பெரிதென நாம் கருதுவது கோப்பு வடிவம் பற்றிய ஏற்பாடு. நாம் எழுதியது நம்முடையதேயாயினும், அதனைத் திறக்கும் முறையை ஒரு நிறுவனம் மட்டுமே அறியுமாயின், திறவுகோல் அதன் கையிலன்றோ உள்ளது? ஓப்பன் டாக்குமெண்ட் என்னும் பொது வடிவம் 2006 இல் பன்னாட்டுத் தர அமைப்பின் ஏற்பைப் பெற்றது. தமிழுக்கு மற்றொரு பூட்டும் இருந்தது. நாம் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில், பழைய எழுத்துருவில் தட்டிய மொழிபெயர்ப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. மீண்டும் தட்டுவதன்றி வேறு வழியில்லை. அப்பூட்டைத் திறந்தது யூனிகோடு.

2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களையும் தமிழ்வழி ஓபன் ஆபீஸையும் ஒரு குறுந்தகட்டில் சேர்த்துச் சென்னையில் வெளியிட்டது. கேட்டோர்க்கு அது இலவசமாக அனுப்பப்பட்டது.

2010 இல் சன் நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. புதிய உடைமையாளரின் போக்கில் ஐயங்கொண்ட தன்னார்வலர் பலர், அவ்வாண்டு செப்டம்பரில் டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தனர். பழைய பெயர் ஆரக்கிளிடம் இருந்தமையால் லிப்ரே ஆபீஸ் என்ற புதுப்பெயர் இட்டனர். பெயரை விட்டுச் செல்லலாம், உழைப்பை விட்டுச் செல்ல வேண்டியதில்லை என்பதே திறந்த உரிமத்தின் வலிமை. 2011 ஜனவரியில் அவர்களுடைய முதல் நிலைப்பதிப்பு வந்தது. ஓபன் ஆபீஸை ஆரக்கிள் அதே ஆண்டில் அப்பாச்சி அமைப்பிற்கு அளித்துவிட்டது.

எங்கும் வெற்றியே விளைந்தது என்று சொல்வதற்கில்லை. மியூனிக் மாநகராட்சி 2003 இல் திறந்த மூல வழியைத் தேர்ந்து, பல்லாண்டு முயன்று மாறிய பின், 2017 இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. வெளியிலிருந்து வரும் கோப்புகளில் பத்தி குலைவதும் அட்டவணை நகர்வதும் இன்றும் நேர்வனவே. ஆயினும் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024 இல் ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது.

லிப்ரே ஆபீஸின் பட்டியல்களைத் தமிழிலும் காணலாம். அவை தன்னார்வலர் மொழிபெயர்த்தவை. சில சொற்களில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அவற்றைத் திருத்தி அனுப்பும் உரிமை நமக்கும் உண்டு.