அச்சமும் ஆதாயமும்: சிங்கப்பூர் கண்ட தீவாந்தரக் கைதிகள்

தெம்பனிசிலிருந்து கிழக்கே சாங்கி நோக்கிச் செல்வோர் பழைய சாங்கிச் சிறையின் வாயிலைக் காணலாம். 1936-இல் எழுந்த அச்சிறை பின்னாளில் இடிக்கப்பட்டது. எனினும் அதன் வாயிலும், மதிலின் ஒரு பகுதியும், காவல் கோபுரங்களும் 2016-இல் தேசிய நினைவுச் சின்னமாயின. மதிலே சிறைக்கு உயிர் என்று நாம் கருதுகிறோம். ஆனால், மதிலைவிட நம்பிக்கையைக் கொண்டே கைதிகளைக் கட்டிவைத்த காலம் ஒன்றும் இந்நகருக்கு உண்டு. அக்கைதிகளுள் நம்மவர் பலர் என்பதை மறத்தலாகாது.

1824-ஆம் ஆண்டின் ஆங்கில டச்சு உடன்படிக்கையால் சுமத்திராவிலுள்ள பென்கூலன் டச்சுக்காரர் வசமாயிற்று. அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். முதலில் வந்திறங்கியவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். அடுத்து வந்தவர்கள் வங்காளத்தார்.

இவர்களை அனுப்பிய கம்பெனியார்க்கு இரண்டு கணக்குகள் இருந்தன. முதலாவது, அச்சக் கணக்கு. கடல் கடந்தால் சாதியும் உறவும் போய்விடும் என்று அஞ்சிய மக்களிடையே தீவாந்தர தண்டனை தூக்கினும் கொடிதாகத் தோன்றும். அதனால் குற்றம் குறையும் என்பது அவர்கள் எண்ணம். இரண்டாவது, கூலிக் கணக்கு. புதிய துறைமுகத்திற்குச் சாலையும் பாலமும் வேண்டும்; கூலியாளோ அரிது. கைதிக்கோ சோறும் துணியும் கொடுத்தால் போதும்.

இரண்டாம் கணக்கு பலித்தது. காட்டைத் திருத்தினர், சாலை போட்டனர், செங்கல் சுட்டனர், கல் உடைத்தனர். 1861-இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், 1869-இல் முடிந்த இன்றைய இஸ்தானாவும் அவர்கள் உழைப்பே. அத்தேவாலயச் சுவரின் பளபளப்பைக் கண்டவர்கள், சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்த சென்னைச் சாந்தின் பெருமையை அறிவர்.

இவ்வளவு பேரைக் காவல் காத்தவர் யார்? கைதிகளே! அவர்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தனர். நன்னடத்தையால் ஒருவர் மேல் வகுப்புக்கு ஏறலாம். தவறினால் கீழே தள்ளப்படுவார். மேலேறியவர்கள் தண்டல் முதலிய பதவி பெற்றுத் தம் தோழரையே மேற்பார்த்தனர். முதல் வகுப்பினர் சீட்டுப் பெற்று வெளியே வாழ்ந்து தம் பிழைப்பைத் தாமே தேடிக்கொண்டனர். இம்முறையை நடத்தியவர்களுள் ஒருவரான மெக்நாயர் 1899-இல் எழுதிய நூலுக்கு, ‘கைதிகளே தம் காவலர்’ என்னும் பொருள்படவே பெயரிட்டார்.

இங்கேதான் இரு கணக்குகளும் மோதின. அச்சம் பயன் தர வேண்டுமானால் தண்டனை கொடியதாயிருத்தல் வேண்டும். உழைப்பு பயன் தர வேண்டுமானால் கைதிக்கு விடிவு ஒன்று தெரிதல் வேண்டும். சவுக்கினால் கல் உடைக்கச் செய்யலாம். தேவாலயத்தின் சுவரை மெருகேற்றச் செய்ய இயலுமா? மேலும், அச்சம் விளைய வேண்டிய இடம் சென்னை. தண்டனை நடந்த இடமோ சிங்கப்பூர். கைதி இங்கே எவ்வாறு வாழ்ந்தான் என்பதை ஊரார் எவ்வாறு அறிவர்?

பயனை நுகர்ந்த ஐரோப்பிய வணிகரும் இந்தியாவின் குற்றவாளிகளை இங்கே கொட்டுவதா என்று குறைகூறினர். 1857-இன் கிளர்ச்சிக்குப் பின் அவர்கள் அச்சம் பெருகியது. 1858 முதல் அந்தமான் புதிய தண்டனைத் தீவாயிற்று. 1867-இல் சிங்கப்பூர் இந்திய அரசின் ஆட்சியிலிருந்து பிரிந்தது. 1873-இல் கைதிக் குடியிருப்பு மூடப்பட்டு, எஞ்சியவருள் பலர் அந்தமானுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-லேயே எழுதினார். 1968-இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர், அகப்படும் வாய்ப்பையும் தண்டனையின் அளவையும் சேர்த்துக் குற்றத்தின் ‘விலை’யைக் கணக்கிட்டார். ஆயினும் இக்கணக்குகள் யாவும் குற்றம் செய்யுமுன் ஒருவன் போடும் கணக்கைப் பற்றியவை. தண்டனை பெற்ற பின் அவன் எவ்வாறு மனிதனாக மீள்வது என்ற கேள்விக்கு விடை கூறியது அந்த ஆறு வகுப்புப் படிக்கட்டேயாகும்.

அதற்காக அம்முறையைப் புகழ்ந்துவிட வேண்டாம். மலிவான உழைப்பு என்று ஏட்டில் எழுதியது யாருக்கு மலிவு? ஊரையும் உற்றாரையும் இழந்தவன் கொடுத்த விலை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. தண்டனையால் அரசு ஆதாயம் காணத் தொடங்கினால், நீதியின் தராசில் கூலியும் ஏறி அமர்ந்துவிடும். சாங்கியின் பழைய வாயிலைக் கடக்கும்போது, மதில் எழுப்பியும் திருத்த முடியாதவரை நம்பிக்கை திருத்தியதையும், அந்நம்பிக்கையையே அரசு கூலியாக்கிக்கொண்டதையும் நாம் ஒருசேர நினைத்தல் தகும்.